ஈரத்துணி ஏற்றிப் பார்த்த வண்டி

என் அண்ணி பழைய வண்டி பார்க்கப் போன இடத்துக்கெல்லாம் ஈரத்துணி மூட்டைகளையும் கூடவே கொண்டுபோனாள். மற்றவர்கள் வண்டியைச் சுற்றி வருவார்கள், டயரை உதைப்பார்கள், கதவைத் திறந்து மூடுவார்கள். அண்ணி அதெல்லாம் செய்யமாட்டாள். "துணி ஏத்திக்கலாமா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. விற்கிறவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஒருவர் கேட்டே விட்டார்.

"ஏம்மா, வண்டி வாங்க வந்தீங்களா, துணி துவைக்க வந்தீங்களா?"

"துவைச்சுட்டுத்தான் வந்திருக்கேன். காலி வண்டி யார் வாசல்லயும் நல்லாத்தான் ஓடும். எங்க துணியைத் தூக்கிட்டு ஓடுதான்னு பாக்கணும்ல?"

எங்கள் பிழைப்பு விடுதிகளின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், துண்டுகள். வீடு பள்ளத்தில் இருக்கிற ஒரு குறுகலான தெருவில். பின்கட்டில் நாலைந்து தொட்டிகள், ஒரு பழைய இயந்திரம். அந்த இயந்திரம் சுழல ஆரம்பித்தால், கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிற ஆள் மாதிரி வாசலைப் பார்த்து நகரும். கயிறு போட்டுச் சுவரோடு கட்டி வைத்திருந்தோம். இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள் வந்துவிட்டதால் எங்கள் முற்றத்தில் வெயில் விழாது. அதனால் மேட்டின் உச்சியில் ஒரு கிடங்கின் மொட்டை மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். தினமும் துவைத்துப் பிழிந்த துணியை அந்த ஏற்றத்தில் ஏற்றி, காயவைத்து, மடித்து, இஸ்திரி போட்டு விடுதிகளுக்குக் கொண்டுபோக வேண்டும். இஸ்திரி என் வேலை. உலர்ந்த விரிப்பைக் குழந்தைகூடத் தூக்கும். ஈரமாக இருந்தால் அது வேறு பிறவி.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்தபோது எங்களிடம் தொட்டிகூடக் கிடையாது. அவளுடைய அம்மா ஒரு மருத்துவமனையில் துணி துவைக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். ரத்தக் கறை எதில் போகும், எண்ணெய்க் கறை எதில் போகும் என்பதை அங்கே பார்த்தே கற்றுக்கொண்டவள் அண்ணி. வந்த சில மாதங்களில் பக்கத்து விடுதியில் போய் நின்று, "உங்க விரிப்பெல்லாம் பழுப்பா இருக்கே, ஒண்ணைக் குடுங்க, நாளைக்குப் பாருங்க" என்று வாங்கி வந்தாள். அப்படி ஆரம்பித்ததுதான். எந்நேரமும் தண்ணீரில் ஊறி அவள் விரல் நுனிகள் சுருங்கியே இருக்கும். விரிப்பை உதறும்போது, "இந்த ரூம் ஆளுக்குத் தூக்கமே வரல, பாரு எப்படிப் புரண்டிருக்கான்" என்பாள். "இவன் கட்டில்ல உக்காந்து சாப்பிட்டிருக்கான், வீட்டுல திட்டு வாங்கித் திட்டு வாங்கி இங்க வந்து ஆசையைத் தீர்த்துக்கிட்டான்" என்பாள். நான் வாயைத் திறந்து அதிகம் பேசுகிறவள் இல்லை. அவள் பேச்சுக்குச் சிரிப்பது மட்டும் என் பங்கு.

அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அதனாலோ என்னவோ, பார்க்கிற எல்லாரையும் உறவு வைத்துக் கூப்பிடுவாள். சோப்புக் கடைக்காரர் சித்தப்பா. தண்ணீர் வரி வாங்க வருகிறவர் தம்பி. "உறவு சொல்லிக் கூப்பிட்டுட்டா அப்புறம் அவங்களுக்கு நம்மள ஏமாத்த மனசு வராது" என்பாள். இதை அவள் ஒரு தந்திரமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினாள்.

அவள் "அண்ணே" என்று கூப்பிட்டது ஒரே ஒருவரைத்தான். அவர் எங்கள் மூட்டைகளை ஏற்றிப்போகிற மூன்று சக்கர வண்டிக்காரர். நாங்கள் லோடுக்காரர் என்போம். தெருவில் அவருக்கு 'ரெண்டு ஹாரன்' என்று பெயர். வாசலில் வந்து நின்றதும் இரண்டு தடவை, குட்டியாக, ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணி கையை உதறிக்கொண்டே எழுந்துவிடுவாள்.

அவர் எங்களுக்குச் செய்ததை மறைக்கக் கூடாது. என் அண்ணனுக்கு வயிற்றுவலி வந்து துடித்த அன்று, ஏற்றியிருந்த மூட்டைகளை அப்படியே தெருவில் இறக்கிப் போட்டுவிட்டு, அண்ணனை விரிப்புகளின் மேல் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் அவர்தான். எங்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு தம்ளர் தனியாக இருந்தது. "தங்கச்சி, சர்க்கரை போட்டியா, இல்ல துணிக்குப் போடுற சோடாவா?" என்று கேட்காமல் ஒருநாளும் டீ குடித்ததில்லை.

அண்ணிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில், மதிய நேரத்தில், தன் வண்டியையே கொடுத்தார். பிறகு யாரோ தெரிந்தவருடைய காரைக் கேட்டு வாங்கி அதிலும் பழக்கினார். "பயப்படாத தங்கச்சி, சுவர் தானா விலகாது, நீதான் விலகணும்" என்று கத்துவார். அண்ணிக்கு லைசன்ஸ் கிடைத்த அன்று அவர்தான் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அவள் என்றைக்காவது தனக்கென்று ஒரு வண்டி வாங்குவாள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பெரிய விடுதியில் புதிதாக இரண்டு மாடிகள் எழும்பின. அதன் மேனேஜர் அண்ணியைக் கூப்பிட்டனுப்பினார். மொத்தத் துணியையும் எங்களிடமே தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை.

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துணி வரணும். வண்டிக்காரர் வரல, வண்டிக்காரருக்குக் காய்ச்சல்னு எங்கிட்டச் சொல்லக் கூடாது. சொந்த வண்டி இருக்கா?"

"வாங்கிடுவேன் சார்."

"மாடி திறக்குறதுக்குள்ள வாங்கிடுங்க. இல்லைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

அண்ணி வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த அண்ணனை எழுப்பினாள். என் அண்ணன் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலாளி. பகலில் அவனை எழுப்புவதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும்.

"என்னங்க, ஒரு சின்ன பிக்கப் வாங்கலாம்னு இருக்கேன். பழசுதான். பெட்ரோல் அதிகம் குடிக்காததா."

"வாங்கு."

"எப்படிப் பாத்து வாங்குறதுன்னு தெரியலையே. நீங்க கூட வர்றீங்களா?"

"வண்டியைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். ஏறணும், இறங்கணும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போர்வையை இழுத்துக்கொண்டான். "உன் அண்ணன் இருக்காரே, அவரைக் கேளு."

எங்கள் மாதிரி ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். மூட்டை ஏற்றிப் பிழைக்கிற எந்த வீட்டிலும், வண்டி விஷயம் என்றால் லோடு அடிக்கிறவரைத்தான் கேட்பார்கள். அவருக்குத் தெரியாத வண்டியா? அவர் வண்டி வாடகைக்கு ஓடுவதே நம்மிடம் வண்டி இல்லாததால்தான் என்பது யாருக்கும் தோன்றாது. அண்ணிக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அண்ணி சொன்னபோது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்ல விஷயம்தான் தங்கச்சி" என்றார். "பாத்துடலாம்."

அன்று அவர் சோடாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்கும் முறையை அண்ணி தானே கண்டுபிடித்துக்கொண்டாள். டேங்கை வாய் வரைக்கும் நிரப்ப வேண்டும். ஈர மூட்டைகளை ஏற்றி, மேட்டில் ஏறி, கிடங்கு வரை போய், அங்கிருந்து ரயில் நிலையப் பக்கம் இறங்கி, சுற்றிக்கொண்டு அதே பெட்ரோல் நிலையத்துக்கு வர வேண்டும். மறுபடியும் வாய் வரைக்கும் நிரப்ப வேண்டும். எவ்வளவு ஊற்றினார்களோ அவ்வளவு குடித்திருக்கிறது. தினமும் ஓடப்போகிற பாதை, தினமும் தூக்கப்போகிற சுமை. விற்கிறவர் சொல்கிற கணக்கு எதுவும் வேண்டாம்.

"உலகத்துலயே ஈரத்துணியை வச்சு வண்டி வாங்குற ஒரே பொம்பளை நீதான்" என்று லோடுக்காரர் சிரித்தார். ஆனால் பின்னால் ஏறி மூட்டைகளைச் சரியாக அடுக்கிக் கொடுத்தார்.

முதலில் பார்த்தது ஒரு மீன் வியாபாரியின் வண்டி. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. அதோடு, துணிகளை மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. "இந்த வண்டியில விரிப்பைக் கொண்டுபோனா ரூம்ல பூனை வந்து படுத்துக்கும்" என்றாள் அண்ணி. லோடுக்காரர் அந்த வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தடால் என்று விட்டார். அது அவருடைய வழக்கம். பிடிக்காத வண்டியின் பானெட்டை அப்படித்தான் விழவிடுவார்.

இரண்டாவதாகப் பார்த்தது ஒரு வெள்ளை வண்டி. செடி விற்கிற ஒரு பெரியவருடையது. முழங்கால் வலியால் வியாபாரத்தை நிறுத்தப்போகிறார். வீட்டு வாசல் முழுக்கத் தொட்டிச் செடிகள். வண்டியின் முன்பக்கக் கண்ணாடியில் ஒரு மயிரிழை விரிசல். பின்பக்கப் பலகைகளின் இடுக்கெல்லாம் மண். மற்றபடி சுத்தமான வண்டி. அண்ணி மூட்டை என்றதும் அவர் சிரிக்கவில்லை.

"ஏத்திக்கோங்க. நானும் தண்ணி ஊத்தின தொட்டியைத்தான் ஏத்திட்டுப் போவேன். ஈரத்தோட கனம் அதுக்கு நல்லாத் தெரியும்."

மூட்டைகளுக்கு நடுவே அண்ணி வைத்திருந்த நீலப் புட்டியின் மூடி ஏற்றத்தில் கழன்றுவிட்டது. வெள்ளைத் துணிக்குக் கடைசி அலசலில் போடுகிற நீலம். இறங்கிப் பார்த்தபோது பலகையின் ஓரத்தில் ஒரு காதின் வடிவத்தில் நீலக் கறை ஊறியிருந்தது. அண்ணி பதறிப்போய் முந்தானையாலேயே தேய்த்தாள். போகவில்லை. எல்லாக் கறைக்கும் வழி தெரிந்தவள் மரத்தில் ஊறிய நீலத்துக்கு என்ன செய்வாள்?

"விடும்மா" என்றார் பெரியவர். "மண் கறை இருக்கு, நீலக் கறையும் இருந்துட்டுப் போகட்டும். உங்க வண்டியா ஆகப் போறதுதானே."

பெட்ரோல் நிலையத்தில் நிரப்பிப் பார்த்தோம். அண்ணி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். என்னையும் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னாள். பதினாறு. ஈரத்துணியோடு, அந்த ஏற்றத்தில், லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விலையும் அவள் சேர்த்து வைத்திருந்ததற்குள் வந்தது.

பிறகு லோடுக்காரர் பானெட்டைத் திறந்தார். என்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து லேசாக ஆவி போல வந்தது.

"பாத்தியா தங்கச்சி? மூச்சு விடுது. உள்ள எல்லாம் தேஞ்சு போச்சு. ரெண்டு மாசம் ஓடும், அப்புறம் நடு ரோட்டுல படுத்துடும். இஞ்சினையே இறக்கணும்."

"எத்தனையோ வருஷமா இப்படித்தான் மூச்சு விடுது" என்றார் செடிக்காரர். "நானும்தான் விடுறேன். ரெண்டு பேரும் இன்னும் படுக்கல."

"விக்குறவங்க அப்படித்தான் சொல்வாங்க. நீ யாரை நம்புற தங்கச்சி?"

அண்ணி அந்த வண்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நீங்க சொன்னா சரிதான் அண்ணே" என்றாள்.

அவர் பானெட்டை மூடினார். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விழவிடவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, தூங்குகிற குழந்தையின் அறைக்கதவைச் சாத்துகிற மாதிரி, மெதுவாக அழுத்தி மூடினார். மூடிய பிறகும் கைகளை உடனே எடுக்கவில்லை. ஏதோ வித்தியாசமாக இருந்தது என்று மட்டும் பட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு பார்த்த எந்த வண்டியும் தேறவில்லை. ஒன்றில் அடிச்சட்டம் துருப்பிடித்திருந்தது. ஒன்று விபத்தில் சிக்கிய வண்டி என்றார் லோடுக்காரர். இன்னொன்றில் பேப்பர் சரியில்லை என்றார். எது உண்மை, எது இல்லை என்று எங்களால் சொல்ல முடியாது. அண்ணி ஒவ்வொரு தடவையும் மூட்டையை ஏற்றினாள், இறக்கினாள். விடுதியின் புதிய மாடிகளில் ஜன்னல்கள் வந்துவிட்டன. மேனேஜர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

"அந்த வெள்ளை வண்டியையே எடுத்திருக்கலாமோ?" என்று ஒருநாள் துணி பிழியும்போது அண்ணி என்னிடம் கேட்டாள். அதை லோடுக்காரரிடமும் கேட்டாள்.

"அது போயிடுச்சாம் தங்கச்சி. எவனோ ஏமாந்தவன் வாங்கிட்டானாம்" என்றார். "எதுக்கு இவ்வளவு அவசரம்? நான்தான் இருக்கேன்ல?"

சில நாட்கள் அவர் வரவில்லை. ஊரில் வேலை என்று சொல்லியனுப்பியிருந்தார். நாங்கள் வேறு வண்டி பிடித்துச் சமாளித்தோம். பிறகு ஒரு காலையில் வாசலில் அந்த இரண்டு ஹாரன் கேட்டது. சத்தம் மட்டும் வேறு மாதிரி, கனமாக இருந்தது. அண்ணி கையை உதறிக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னால் போனேன்.

பச்சை நிறத்தில் ஒரு சின்ன பிக்கப். புது பெயின்ட் வாசனை. உள்ளே லோடுக்காரர், புதுச் சட்டையில்.

"எப்படி இருக்கு தங்கச்சி? பழைய மூணு சக்கரத்தை வித்துத் தள்ளிட்டு எடுத்துட்டேன். இன்னொரு விஷயம் சொல்றேன் கேளு. ஸ்டேஷன் லாட்ஜ் வேலை நமக்குக் கிடைச்சிடுச்சு. மேனேஜர்கிட்ட நானே பேசிட்டேன். வண்டி என்னோடது, துவைக்கிறது நீ. அவங்க பணத்தை மொத்தமா எங்கிட்டக் குடுத்துடுவாங்க, நான் உனக்குப் பிரிச்சுக் குடுத்துடுறேன். உனக்குத் தலைவலியே இல்ல. பாரு, மொதல் லோடே கொண்டுவந்துட்டேன்."

வண்டியின் பின்னால் விடுதியின் முத்திரை போட்ட அழுக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன.

அண்ணி பின்னால் ஏறினாள். மூட்டைகளை இறக்கி என்னிடம் கொடுத்தாள். பிறகு கீழே விரித்திருந்த ரப்பர் பாயின் நுனியைத் தூக்கினாள். அவர் மேல் சந்தேகப்பட்டு அல்ல. எந்த வண்டியானாலும் பாயைத் தூக்கி ஒரு தடவை பெருக்காமல் அவள் வெள்ளைத் துணியை வைக்கமாட்டாள். கை அதுவாகத் துடைப்பத்தைத் தேடியது.

அப்படியே நின்றுவிட்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். பலகையின் ஓரத்தில், மண் படிந்த இடுக்குக்குப் பக்கத்தில், காது மாதிரி ஒரு நீலக் கறை.

அண்ணி பாயை மெதுவாகக் கீழே விட்டாள். இறங்கி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வண்டி எவ்வளவு குடுக்குது?" என்று கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்தது. வண்டி வைத்திருக்கிற யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டால் வருகிற மலர்ச்சி.

"சும்மா சொல்லக் கூடாது. லோடோட, ஏத்தத்துலயே பதினாறு குடுக்குது."

"நாங்க பாத்தப்பவும் பதினாறுதான் அண்ணே" என்றாள் அண்ணி.

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். அவர் சாவியைக் கைமாற்றிக்கொண்டார். முதலில் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு குரல் உயர்ந்தது.

"நீ வண்டி வாங்கிட்டா நான் எங்க போறது? சொல்லு. இத்தனை வருஷமா உன் மூட்டையைத்தான் தூக்குறேன். இந்தத் தெருவுல எனக்கு வேற யாரு லோடு குடுக்குறா? அண்ணே அண்ணேன்னு டீ குடுத்தியே, அண்ணே உங்க பொழப்பு என்ன ஆகும்னு ஒரு நாள் கேட்டியா?"

அந்தக் கேள்வி அண்ணிக்கு எங்கேயோ பட்டது. அவள் கண்களில் பார்த்தேன்.

"கேக்கல. அது என் தப்புதான்" என்றாள். "ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வாங்காத தங்கச்சி, எனக்குப் பொழப்பு போயிடும்னு சொல்லியிருந்தா நான் வாங்கியிருக்கவே மாட்டேன். அந்த லாட்ஜையும் வேணாம்னு சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது தெரியாதா?"

அவருக்குத் தெரியும்.

சத்தம் கேட்டு என் அண்ணன் எழுந்து போர்வையோடு வந்தான். விஷயம் புரிந்ததும் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் பாய்ந்தான். "எங்க உன் தம்ளர்? அதை எடுத்துத் தெருவுல எறியட்டுமா?"

"நீங்க உள்ள போய்த் தூங்குங்க" என்றாள் அண்ணி. "தம்ளர் என்ன பண்ணுச்சு."

லோடுக்காரர் மூட்டைகளை எடுக்கக் குனிந்தார். அண்ணி தடுத்தாள். "வாசலுக்கு வந்த துணியை அழுக்கோட திருப்பி அனுப்புற வழக்கம் இந்த வீட்டுல இல்ல. சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க. நாளையிலேர்ந்து கொண்டு வராதீங்க, சார்."

சார். விடுதி மேனேஜரைக் கூப்பிடுகிற அதே சார். அவர் அடி வாங்கியவர் மாதிரி நிமிர்ந்தார். அண்ணன் திட்டியபோதுகூட அப்படி நிமிரவில்லை.

அன்று துவைத்த ஈரத்துணியை நாங்கள் இருவரும் தள்ளுவண்டியில் வைத்து மேட்டுக்குத் தள்ளினோம். அவரிடம் சொல்லியிருந்தால் கொண்டுபோய் விட்டிருப்பார். பக்கத்துத் தெருவில் வேறு வண்டியும் கிடைத்திருக்கும். அண்ணி எதையும் கேட்கவில்லை. பாதி ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கினோம். வண்டி பின்னால் உருளாமலிருக்க என் காலைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தேன். "இப்ப ஆயில் மூடியைத் தொறந்தா நம்மகிட்டயும் ஆவி வரும்" என்றாள் அண்ணி. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கைகளும் வண்டியைப் பிடித்திருந்ததால் அவளால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

மடிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் அந்த விரிப்புகள் சாயங்காலம் போயின.

மறுநாள் அண்ணி மேனேஜரைப் பார்க்கப் போனாள். நானும் போனேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "எனக்குத் துணி வரணும்மா, வண்டி வரணும். யாரு அண்ணன், யாரு தங்கச்சின்னு நான் பாத்துட்டு இருக்க முடியுமா? அந்த வண்டிக்காரர் வேற லாண்டரியில குடுத்து வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டாரு" என்றார். மேனேஜர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது செடிக்காரப் பெரியவர் வீட்டு வழியாக வந்தோம். அண்ணியைக் கண்டதும் அவர் எழ முயன்றார், முழங்கால் விடவில்லை.

"வாம்மா! வண்டி எப்படி ஓடுது?"

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் வந்து சொன்னாரு. வேணாம்னுட்டுப் போன தங்கச்சி இப்ப வந்து கேக்க வெக்கப்படுது, அதுக்காகத்தான் எடுக்கிறேன்னாரு. ஈரத்துணி ஏத்தின பொண்ணுக்குத்தானேன்னு நானும் விலையைக் குறைச்சுத்தான் குடுத்தேன். வேற யாருக்குன்னாலும் அந்த விலைக்குக் குடுத்திருக்க மாட்டேன்."

லோடுக்காரர் வண்டியை மட்டும் எடுத்துப்போகவில்லை. அவள் மேல் ஒரு முன்பின் தெரியாத மனிதருக்கு வந்த பிரியத்தையும் சேர்த்து எடுத்துப்போயிருந்தார். அண்ணி உண்மையைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"நல்லா ஓடுது ஐயா" என்றாள். "பதினாறு குடுக்குது."

பெரியவர் சந்தோஷமாக ஒரு சின்னத் தொட்டிச் செடியை அவள் கையில் கொடுத்தார். வீடு வரும்வரை அதை அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்தாள். எங்கள் முற்றத்தில் வெயில் விழாது. அதை மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தோம்.

அதன்பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் வண்டி பார்க்கப் போனோம். பானெட்டைத் திறக்க ஆள் இல்லை. அண்ணி மூட்டையை ஏற்றினாள், ஓட்டினாள், நிரப்பினாள், விரலை மடக்கினாள். கடைசியில் ஒரு சாம்பல் நிற வண்டியை எடுத்தாள். ஒரு கதவு மட்டும் சிவப்பு. வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது. லிட்டருக்குப் பன்னிரண்டுதான் கொடுக்கிறது. பழைய விடுதிகளின் வேலை அதில் ஓடுகிறது. பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் அண்ணி பம்பில் ஓடுகிற எண்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் நடுவில் இருக்கிற அந்த நாலு கிலோமீட்டரை நாங்கள் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சோப்புக் கடைக்காரரை அவள் இப்போது சித்தப்பா என்று கூப்பிடுவதில்லை. அவர் என்னிடம் கேட்டார், "உங்க அண்ணிக்கு என் மேல ஏதாவது கோபமா?" என்று. இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

போன வாரம் ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் இரண்டு ஹாரன் கேட்டது, குட்டியாக. பழக்கம் விடவில்லை. அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கை தானாக எழுந்து, ஈரத்தை உதறுவது போல ஒரு தடவை உதறியது. வாய் "அண்" என்று திறந்து மூடிக்கொண்டது. வண்டியை ஓரமாக ஒதுக்கி வழிவிட்டாள். பச்சை வண்டி எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் ஸ்டேஷன் விடுதியின் விரிப்புகள், சரியாக அலசாமல், பழுப்பேறிப்போய்.

"யாரு அண்ணி?" என்று தெரியாதவள் மாதிரி கேட்டேன். அவள் ஏதாவது பேசட்டும் என்றுதான் கேட்டேன்.

"தெரிஞ்சவர் மாதிரி இருந்துச்சு" என்றாள் அண்ணி. கியரைக் குறைத்து மேட்டில் ஏற்றினாள்.